இடது பக்கத்து ஸ்பீக்கர்

இந்த அறையில் ஸ்விட்ச் போர்டைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்து, கதவைச் சாத்தி, இருட்டில் துழாவித்தான் விளக்கைப் போட வேண்டும். காலையில் நீங்கள் அதைத்தான் செய்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார். கட்டியவர்மேல் தப்பில்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எலக்ட்ரீஷியனிடம் யாரும் சொல்வதில்லை. பதினொரு வருஷமாகத் திருப்பூரில் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன், பாதி வீட்டில் இதே கதைதான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, ஏன் செய்தாய் என்று. ஒரு வரியிலும் பதில் சொல்லலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் முதலிலிருந்து வருகிறேன். எழுதுகிறவர் மெதுவாகவே எழுதட்டும்.

என் பெயர் ராஜவேல். வயது முப்பத்தெட்டு. எங்களுடையது நெசவுக் குடும்பம், அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். நான் வீடுகளுக்கு ஆட்டோமேஷன் விற்கிறேன். போனைத் தொட்டால் விளக்கு எரியும், கேட் திறக்கும், ஏசி ஓடும், திரைச்சீலை விலகும். அவினாசி ரோட்டில் ஷோரூம் இருக்கிறது. ஒருநாள் வந்து பாருங்கள். சுவர் வெள்ளை, தரை வெள்ளை, சுவரில் பதித்த கண்ணாடி பேனல்களும் வெள்ளை. பல்லி எச்சம் ஒரு சொட்டு பட்டாலும் அசிங்கமாகிவிடும். அதோடு பல்லி போர்டுக்குள் புகுந்தால் ஷார்ட் ஆக்கிவிடும். அதனால் மாதம் தவறாமல் ஆள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போகிறார். என் ஷோரூமில் நீங்கள் ஒரு பல்லியைக்கூடப் பார்க்க முடியாது. அது எனக்கு ஒரு பெருமை.

என் தொழிலை எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பில்டர்களுக்கு ஆட்டோமேஷன் தேவையில்லை. பக்கத்து பில்டரின் விளம்பரத்தில் இல்லாத ஒரு வரிதான் தேவை. வீடு வாங்குகிறவருக்கும் அது தேவையில்லை. பங்காளிகள் வந்து உட்கார்ந்திருக்கும்போது போனைத் தொட்டுத் திரைச்சீலையை விலக்கிக் காட்டுகிற அந்த அரை நிமிடம்தான் அவருக்கு வேண்டும். பல்லடம் தாண்டியதும் கீசரை அணைத்தோமா என்று பதறுகிற பெண்களிடம் நான் கீசரைப் பற்றி மட்டும் பேசுவேன். கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிற ஆண்களிடம் கேமராவைப் பற்றி. வயர், சிக்னல் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இன்று கடையை மூடிவிட்டு இன்வெர்ட்டர் விற்கிறார்கள்.

பனியன்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. சாம்பிள் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார்கள். வெளிநாட்டு பையர் ஒரு டி-ஷர்ட்டை வாங்கி, துவைத்து, இழுத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து, அப்புறம்தான் லட்சம் பீஸுக்குத் தலையாட்டுவான். அவனிடம் பட்டதை இவர்கள் நம்மிடம் காட்டுவார்கள். அதனால் நான் கேட்லாகைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. அப்புசாமி அண்ணனின் சொந்த வீட்டையே சாம்பிளாகச் செய்துகொடுத்தேன்.

அவரை உங்களுக்குத் தெரியும். போன வாரம் மஞ்சப்பையில் அந்த ஸ்பீக்கரைப் போட்டு எடுத்துவந்து உங்கள் மேசைமேல் வைத்தவர். நெருப்பெரிச்சல் ஊரில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார், அருள்புரத்தில் நாற்பத்திரண்டு வில்லா கட்டுகிறார். தோட்டம் துரவு என்று இருந்த குடும்பம். வாய்க்கு வாய் ‘ங்க’ போடாமல் டிரைவரிடம்கூடப் பேச மாட்டார். நல்ல மனிதர். இதை நான் விசாரணைக்காகச் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய காரியம் எதுவானாலும் விளக்கேற்றி வைத்துச் சாமி முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டுக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பல்லி சத்தம் வர வேண்டும். வலது பக்கமிருந்து வந்தால் செய்யலாம், இடது பக்கமிருந்து வந்தால் கூடாது. பல்லிக்கு எங்கள் பக்கம் கவுளி என்று பெயர், அதனால் இதைக் கவுளி வரம் என்போம். கிணறு வெட்டியது, மெஷின் இறக்கியது, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எல்லாம் கவுளி சொன்னதுதான். என்னிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன்னாலும் பழைய வீட்டில் உட்கார்ந்து கேட்டார். பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்.

“சாமி வரம் குடுத்திருச்சுங்க தம்பி. புது ஊட்டுக்கு உங்க சாமானையே மாட்டீருங்க.”

அந்தக் கவுளி நிஜக் கவுளி. அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை.

பூஜை அறையில் சாமி பாட்டு ஓட வேண்டும் என்று அவர் மனைவி துளசிமணி அக்கா ஆசைப்பட்டார். மாடத்துக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு சின்ன ஸ்பீக்கர் வைத்தேன். வாயால் சொன்னால் பாட்டு வரும், அதற்கு உள்ளே மைக் உண்டு. டெமோ காட்டும்போது கரண்ட் போய் நான் அசிங்கப்படக் கூடாது என்று அந்த இரண்டுக்குள்ளும் தனியாக ஒரு பேட்டரியும் ஒரு சிம் கார்டும் வைத்தேன். வீடே இருண்டாலும் சாமி பாட்டு நிற்காது. வயரிங் வரைபடத்தில் அதைக் குறிக்கவில்லை. குறிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

புது வீட்டுக்குக் குடிவந்ததும் நாற்பத்திரண்டு வில்லாவுக்கும் என் சாமான்தானா என்ற கேள்வி வந்தது. அண்ணன் வழக்கம்போல உட்கார்ந்தார். முதல் நாள் சத்தம் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. ஐந்தாம் நாளும் இல்லை. பாவம், எப்படி வரும். புது பெயின்ட், எல்லா ஜன்னலிலும் கொசுவலை, இடுக்கெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்தாயிற்று. ஒரு பூச்சி உள்ளே வராது. பல்லி எதைத் தின்று உயிர்வாழும்? பல்லி நுழையவே முடியாத வீட்டைக் கட்டிவிட்டு, பல்லி சொல்லட்டும் என்று கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற மனிதரைப் போனில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. படித்தவர்கள், பாரின் போய் வந்தவர்கள், இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லையே என்று.

ஆமாம், போனில் பார்த்தேன். வீட்டில் சாமானை மாட்டி முடித்த பிறகு வீட்டுக்காரருக்கு ஒரு லாகின் கொடுப்போம். மாட்டியவனுக்கென்று தனியாக ஒரு லாகின் இருக்கும், இன்ஸ்டாலர் லாகின். அதை யாரும் கேட்பதில்லை, நானும் கொடுப்பதில்லை. அதிலிருந்து பார்த்தால் கேமரா தெரியும், மைக்கில் பேச்சு கேட்கும்.

என் வாடகை வீட்டுச் சமையலறையில் ஒரு கவுளி இருந்தது. அதன் சத்தத்தைப் பதிவு செய்தேன். மூன்று ‘ச்சுக்’. ஆறாம் நாள் காலையில் அண்ணன் கேட்டு முடித்ததும் பத்து எண்ணிவிட்டு வலது ஸ்பீக்கரைத் தொட்டேன். அவர் நெற்றி தரையில் படக் கும்பிட்டார். வீட்டில் குறைந்திருந்த ஒன்றை நிரப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். என் தொழிலே அதுதானே.

அப்புறம் அது வளர்ந்தது. அந்த வீட்டுக் கவுளி தவறாமல் பேசுகிறது என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது. வில்லா பார்க்க வந்தவர்களை அண்ணனே பூஜை அறையில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார். பதினொரு பேர் கேட்டார்கள், பதினொரு பேருக்கும் வலது. எல்லாருக்கும் வலதென்றால் யாராவது யோசிப்பார்கள் என்று, வீடு பார்க்க வராத ஒருவருக்கு இடது கொடுத்தேன். ஆத்தப்பன் என்று அவர் பெயர். மகளுக்கு வந்திருந்த ஒரு நல்ல சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டார். அந்தப் பேச்சு அன்றோடு நின்றது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. பெண்ணுக்கு இன்னும் அமையவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கடுத்த வாரம் இரண்டு வில்லா புக் ஆயிற்று, கவுளி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது என்று பேச்சு.

ஜனனியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

அண்ணனின் ஒரே மகள். இருபத்து மூன்று வயது. கோயமுத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்து, அப்பாவின் வில்லா வேலையில் பர்ச்சேஸ் பார்த்தாள். முதல் நாள் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்ண்ணா, இன்ஸ்டாலர் லாகின் யாருகிட்ட இருக்குதுங்க?”

பதினொரு வருஷத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் வேலை புரிந்தவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்தால் ஒரு மரியாதை வருமல்லவா, அது வந்தது. சர்வீஸ் செய்ய வசதியாக ஆபீஸில் இருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டாள்.

ஆப்பில் ஹிஸ்டரி என்று ஒன்று உண்டு. எந்த விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது, எந்த ஸ்பீக்கர் எப்போது ஓடியது, எல்லாம் அதில் விழும். என் லாகினில் செய்ததை நான் அன்றன்றே அழித்துவிடுவேன். தீபாவளிக் கூட்டத்தில் மூன்று நாள் மறந்துவிட்டேன். அந்த மூன்று நாளை அவள் பார்த்துவிட்டாள். வலது ஸ்பீக்கர், காலை ஆறு பன்னிரண்டு, இரண்டு நொடி. அவள் அந்தப் பதிவைத் தொட்டு ஒலிக்கவிட்டுக் கேட்டும்விட்டாள்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் ஷோரூமுக்குத் தனியாக வந்தாள். படி நான்குதான், ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள். முந்தின வாரம் சைட்டில் மயங்கி விழுந்திருந்தாள். கோயமுத்தூரில் காட்டியதில் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, ஒரு மாதத்துக்குள் ஆப்பரேஷன் செய்தால் பங்குனியில் பழையபடி ஓடலாம், தள்ளிப்போட்டால் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு போனை எடுத்து அந்தச் சத்தத்தை ஒலிக்கவிட்டாள். மூன்று ‘ச்சுக்’.

நான் மறுக்கவில்லை. மறுத்துப் பிரயோசனம் இல்லாத ஆள் அவள்.

“நான் சொன்னா அப்பா ஒடைஞ்சு போயிருவாருங்ண்ணா. அவரு சொல்லிப் பதினோரு பேரு ஊடு வாங்கீருக்கறாங்க. நான் ஆஸ்பத்திரி போயிட்டு நல்லபடியா வந்துர்றேன். அதுக்குள்ள நீங்களே அவருகிட்ட ஒத்துக்கிட்டு, கான்ட்ராக்டை விட்டுட்டுப் போயிருங்க. நான் வந்து கேக்கறப்ப நீங்க சொல்லாம இருந்தா, அப்பறம் நான் சொல்றாப்ல ஆயிரும்.”

“சரிங்க கண்ணு” என்றேன். டீ வாங்கித் தரச் சொன்னேன். குடித்துவிட்டு, டம்ளரை அவளே கொண்டுபோய் வாஷ்பேசினில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் எனக்கு நல்லதுதான் செய்தாள், அதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். போலீசுக்குப் போகவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, ஒரு மாதம் அவகாசம் கொடுத்தாள். ஆனால் நீங்கள் ஒரு வியாபாரியின் இடத்தில் இருந்து பாருங்கள், சார். நாற்பத்திரண்டு வில்லா. அதைப் பார்த்துவிட்டுக் காத்திருக்கிற நான்கு பில்டர்கள், எல்லாரும் அண்ணனுக்குச் சொந்தம். ஷோரூமில் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். இதெல்லாம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற ஒரு நாளில் போய்விடும். திரும்பி வருகிற நாளில் என்பதை மட்டும் அன்று பல தடவை நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டார்கள். கல்யாணமாகாத பெண்ணின் நெஞ்சைக் கிழிப்பதா என்று துளசிமணி அக்கா அழுதார். அவர் தம்பி மாரப்பன், கணியூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், அங்கே ஒரு வைத்தியர் நாற்பது நாள் மருந்தில் கத்தி வைக்காமல் குணமாக்குகிறார் என்று சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு கட்சி. ஜனனி ஆஸ்பத்திரி என்றாள், அக்கா கணியூர் என்றார். அண்ணன் நடுவில் நின்று, வெள்ளிக்கிழமை காலையில் சாமியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றார். எல்லாம் மைக்கில் கேட்டதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஆறு மணிக்கே ஷோரூமைத் திறந்து உட்கார்ந்தேன். விளக்கேற்றினார்கள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஜனனி சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. என்னிடம் பேசிவிட்டதால் இனிமேல் எந்தச் சத்தமும் வராது, சத்தம் வராவிட்டால் டாக்டர் சொன்னபடி போக வேண்டியதுதான் என்று நினைத்திருப்பாள். அவள் என்னை நம்பினாள்.

“என் புள்ளைக்கு ஆப்பரேஷன் பண்ணட்டுங்களா சாமி?” என்று அண்ணன் கேட்டார்.

நான் இடது ஸ்பீக்கரைத் தொட்டேன்.

அக்கா விம்மியது கேட்டது. ஜனனி உடனே எழுந்தாள். அவள் அப்பாவிடம் எதையும் சொல்லக் கூடாது என்றிருந்தவள், அந்த நிமிடத்தில் சொல்லிவிட்டாள். “அப்பா, அது கவுளி இல்லீங்கப்பா. இந்த ஸ்பீக்கர்ல ராஜவேலண்ணா போடறது. என்ற போன்ல பதிவு இருக்குது, காட்டறேன்.”

அவள் அந்தப் பதிவைத் தேடினாள். அவள் ஷோரூமில் டீ குடித்துவிட்டுப் போன கையோடு பழையதையெல்லாம் ஆப்பிலிருந்து அழித்திருந்தேன், இப்போது தொட்டதையும் தொட்ட கையோடு அழித்துவிட்டேன். தேடிக்கொண்டே இருந்தாள். அண்ணன் ஒன்றும் கோபப்படவில்லை. “சாமி முன்னால அப்படிப் பேசாத கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

அப்போது அவள் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தாள். கரண்டை மொத்தமாக நிறுத்திவிட்டு இன்னொரு தரம் கேளுங்கள் என்றாள். அண்ணன் ஒத்துக்கொண்டார். அவளே எழுந்து போனாள், யாரையும் விடவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவது தெரிந்தது. மெயினை இறக்கினாள், கேமரா இருண்டது. இன்வெர்ட்டரையும் பிடுங்கினாள், ஃபேன் நிற்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எனக்கு மைக் மட்டும்தான், பேட்டரியில் ஓடுகிற மைக். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவது பக்கத்தில் இருப்பதுபோல் கேட்டது. வரைபடத்தில் இருந்ததையெல்லாம் அவள் அணைத்துவிட்டாள். அவள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அண்ணன் திரும்பவும் கேட்டார், அதே வார்த்தைகள்.

முதல் தரம் கை முந்திக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தரம் அப்படி இல்லை. ஒரு நிமிடம் காத்திருந்தேன். அப்புறம் இடது ஸ்பீக்கரைத் தொட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஜனனி, “சரிங்கப்பா” என்றாள்.

அன்று சாயங்காலமே கணியூருக்குக் கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரித் தேதியை ரத்து செய்தார்கள். மருந்து முதலில் நோயைக் கிளறிவிட்டு அப்புறம் அடக்கும் என்று வைத்தியர் சொன்னாராம், அதனால் அவளுக்குக் கால் வீங்கியபோதும் யாரும் பயப்படவில்லை. அண்ணன் வாரம் இரண்டு நாள் போய்வந்தார். திரும்பி வந்து என்னிடம் வில்லா வேலையைப் பற்றிப் பேசுவார், நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பொங்கலன்று மத்தியானம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. என் போன் உங்களிடம்தான் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வரி வரியாக விட்டுவிட்டு வந்தது, மூச்சு வாங்கி வாங்கி அடித்திருப்பாள் போல.

“அண்ணா, படுக்க முடியலீங்க, உக்காந்தேதான் தூங்கறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லுங்க. அன்னைக்கு ரெண்டாவது வந்தது நெசமாலுமே கவுளிங்களா? பொய்யின்னு சொன்னீங்கன்னா இன்னைக்கே கார் வரச் சொல்லிக் கோயமுத்தூர் போயிருவேன். உங்களைப் பத்தி யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. நெசமுன்னா அப்பா மனசை முறிச்சுட்டுப் போக எனக்கு மனசில்லீங்க.”

நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டுப் பதில் போட்டேன். “மெயினையும் இன்வெர்ட்டரையும் நீங்களே நிறுத்திட்டீங்களே கண்ணு. அப்புறம் நான் எப்படிங்க?” அதில் ஒரு பொய்கூட இல்லை, கவனித்துப் பாருங்கள். நான் கேள்விதான் கேட்டிருக்கிறேன்.

கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். அதற்கப்புறம் செய்தி வரவில்லை.

வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன். இந்த வருஷமும் நடந்தேன். மடத்துக்குளத்தில் கணியூருக்குப் பிரிகிற ரோட்டருகே சற்று நின்றேன். போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. கால் கொப்பளித்திருந்தது, போகவில்லை. பத்து நாள் கழித்து அவள் இறந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

துக்கத்துக்கு நான் முதல் ஆளாகப் போனேன். பந்தலுக்கு லைட் வேண்டும் என்றார்கள், அதையும் நானே பார்த்துக்கொண்டேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி சொல்லித்தானுங்க தம்பி செஞ்சேன். சாமி சொன்னா தப்பாகுங்களா?” என்று கேட்டார். ஆகாதுங்கண்ணா என்றேன். அந்த நேரத்தில் ஒரு மனிதருக்கு வேறென்ன சொல்வது.

முப்பதாம் நாளுக்கப்புறம், மகள் பார்த்துக்கொண்டிருந்த வில்லா வேலையை நடத்துவதா வேண்டாமா என்று அண்ணன் சாமியிடம் கேட்டார். வலது கொடுத்தேன். ஒரு காரியத்தில் மனதைச் செலுத்தினால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். மீதி வில்லாக்களின் வேலைக்கும் அந்த மாதமே என்னிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாடத்துப் பக்கத்தில் அவள் படத்தை மாட்ட வேண்டும் என்று அவர்கள் காசிமாயன் என்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து ஆள். எனக்குச் சொல்லியிருந்தால் என் ஆளை அனுப்பியிருப்பேன். அவர் இடது ஸ்பீக்கரைக் கழற்றி, “என்னண்ணே, ஸ்பீக்கருக்குள்ள சிம் கார்டு கெடக்கு” என்று அண்ணனிடம் காட்டியிருக்கிறார். அண்ணன் சத்தம் போடவில்லை என்கிறார்கள். இரண்டு நாள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் மஞ்சப்பையில் போட்டு உங்களிடம் கொண்டுவந்தார்.

ஆக, செய்தது நான்தான். ஸ்பீக்கரும் என்னுடையது, கையும் என்னுடையது. ஆத்தப்பனின் மகள் விஷயத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. இரண்டாவது தரம் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் காத்திருந்தேன் என்றேன் அல்லவா. எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தான், சார். போனை மேசையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முருகா, இது வேண்டாம் என்றால் இந்த ஷோரூமில் ஒரு கவுளி சொல்லட்டும், வலதோ இடதோ எந்தப் பக்கமானாலும் சரி, விட்டுவிடுகிறேன், அந்தப் பெண் பிழைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். முழு மனதோடு கேட்டேன். அவர்கள் வீட்டில் அண்ணன் காத்திருந்த மாதிரியே நானும் காத்திருந்தேன். நான்கு நாள் முன்னால்தான் மருந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள், சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஒரு பக்கத்திலிருந்தும் சத்தம் வரவில்லை. அதனால், முடிவெடுத்தது நான் மட்டும்தான் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது.